வயலை விட்டு வந்தவர்கள்

எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பின் இரவுக் காவலருக்கு மன்னார்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை உண்டு. குறுவையை நம்பி வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தவர்.

நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 18 சதவீதத்தை மட்டுமே தரும் வேளாண்மை, உழைப்போரில் ஏறத்தாழ 45 சதவீதத்தினரைத் தாங்கி நிற்கிறது என்னும்போது, உழவரின் வருமானம் ஏன் உயரவில்லை என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. தென்கொரியாவும் தைவானும் நிலச் சீர்திருத்தம் செய்து, விளைச்சலைப் பெருக்கி, வயலை விட்டு வெளியேறியவர்களை ஆலைகளில் சேர்த்துக்கொண்டன. இங்கே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கட்டட வேலையும் காவல் வேலையும்தான். பொதுமுடக்கத்தில் அதுவும் பறிபோனதால், வேளாண்மையில் உழைப்போர் பங்கு 2018-19இல் இருந்த 42.5 சதவீதத்திலிருந்து 2020-21இல் 46.5 சதவீதமாக ஏறியது. வளரும் நாடொன்றில் இது பின்னோக்கிய நகர்வு.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தை முழு மனத்துடன் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் நிலத்தைக் காத்தால் மட்டும் போதாது. உளுந்து உடைக்கும் ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் மன்னார்குடியிலேயே வந்திருந்தால், அவர் எங்கள் வாசலில் கண்விழித்திருக்க வேண்டியதில்லை.