அடைப்புக்குறிக்குள் இருந்த மூன்று ஜிபி

2014-ல் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டம் பார்ப்பது என்றால் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதில் தொடங்கி யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை எல்லாம்தான். காலண்டர் ஊரில் ஆடிப்பெருக்குக்குள் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் தயாராக வேண்டும். அதனால் ஆனி மாதம் முழுக்க டிசைனிங் செக்ஷனில் யாரும் யாரிடமும் நின்று பேச மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் பெரிய மெஷின் திணற ஆரம்பித்தது.

பெரிய மெஷின் என்பது மூத்த டிசைனர் அக்கா உட்காரும் இடம். சாமி படங்கள் எல்லாம் அவர் கையில்தான் முடியும். மயில்மேல் ஆறுமுகன் படம் ஒன்று. முகத்துக்கு ஒரு லேயர், நகைக்கு ஒரு லேயர், மயில் தோகைக்கு மட்டும் ஏழெட்டு லேயர். ஃபைலைத் திறந்தால் அக்கா எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். முதலாளியிடம் சொல்லி இன்னொரு 4 ஜிபி ரேம், அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நினைவகம், வாங்கிப் போட்டேன். ஏற்கெனவே இருந்தது 4, ஆக மொத்தம் 8.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். "தம்பி, எட்டுன்னு சொன்னீங்க. இங்க மூணுன்னுதான போட்டிருக்கு?"

விண்டோஸ் 7-ன் சிஸ்டம் பக்கத்தில் இன்ஸ்டால்டு மெமரி 8.00 ஜிபி என்றுதான் இருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 3.16 ஜிபி யூசபிள், பயன்படுத்தக்கூடியது. அதாவது எட்டு இருக்கிறது, மூன்றே முக்காலே அரைக்கால்கூட இல்லை, வெறும் மூன்றுதான் உபயோகத்துக்கு.

3.16 என்ற எண்ணைப் பார்த்ததும் என் புத்தி நேராக 32 பிட்டுக்குப் போனது. 32 பிட் விண்டோஸில் வழக்கமாகக் காணக் கிடைக்கிற எண் அது. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 429 கோடிச் சொச்சம், அதாவது 4 ஜிபி. அதிலும் டிஸ்ப்ளே, நெட்வொர்க் மாதிரியான கருவிகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது மூன்று சொச்சம். ஆனால் இந்த மெஷினில் இருந்தது 64 பிட் விண்டோஸ், அதுவும் புரொஃபஷனல் பதிப்பு. ஹோம் பேசிக் பதிப்பாக இருந்தால்கூட 8 ஜிபி வரை ஏற்றுக்கொள்ளும். ஆக அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் என்ன, ஹார்ட்வேர்காரன் செய்வதையெல்லாம் செய்தேன். ரேமைக் கழற்றித் தங்கநிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட் மாற்றினேன். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். பழையது தனியாக: நாலில் 3.16. புதியது தனியாக: நாலில் 3.16. இரண்டும் சேர்ந்து: எட்டில் 3.16. இந்த மூன்று வரியையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். எதைப் போட்டாலும் எண் அசையவில்லை என்றால் யாரோ ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எனக்கு அது உறைக்கவில்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் 4,900 எம்பிச் சொச்சத்தை ஹார்ட்வேர் ரிசர்வ்டு, ஹார்ட்வேருக்காக ஒதுக்கியது, என்று சாம்பல் நிறத்தில் காட்டியது. ஹார்ட்வேர் என்று அதுவே சொல்கிறபோது நான் வேறு எங்கே தேடுவேன்?

ரேம் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, நீங்க கொடுத்த ஸ்டிக் சரியில்ல." கடைக்காரர் பையனை அனுப்பி மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார். அதே 3.16. அடுத்த சந்தேகம் மதர்போர்டின் மேல். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸில் 8192 எம்பி என்று சரியாகத்தான் காட்டியது. ஆனால் பயாஸ் ஸ்டிக்கை எண்ணுவது வேறு, அந்த நினைவகத்துக்கு முகவரி கொடுப்பது வேறு. 4 ஜிபிக்குக் கீழே கருவிகளுக்காக ஒதுக்கிய இடத்தில் மாட்டிக்கொள்ளும் ரேமை 4 ஜிபிக்கு மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் மெமரி ரீமேப். சில பழைய போர்டுகளில் அதற்குத் தனி ஆப்ஷன் உண்டு. இதில் தேடினேன், இல்லை. போர்டு மாற்ற வேண்டியிருக்கும் என்று முதலாளியிடம் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். சீசன் நேரத்தில் அதைக் கேட்டால் எந்த முதலாளி முகத்தைத்தான் பார்க்க முடியும்?

மூன்றாம் நாள் ஒரு கஸ்டமர் பென்டிரைவோடு வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மெஷினில் விண்டோஸோடு உபுண்டு 12.04 என்ற லினக்ஸ் சிஸ்டமும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம் என்று வருகிறவர்களின் பென்டிரைவ்களில் அந்த நாட்களில் வைரஸ் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். அதனால் அந்த வைரஸ்கள் ஓடாத உபுண்டுவில் முதலில் பூட் செய்து, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு விண்டோஸுக்குத் திரும்புவோம். இதனால் ஒரு தொல்லையும் இருந்தது. போர்டில் உள்ள கடிகாரத்தை உபுண்டு கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். உபுண்டு போய் வந்தால் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். அக்கா அதைப் பார்த்து, "இன்னைக்கும் உபுண்டுக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்பார்.

ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் டெர்மினலைத் திறந்து நினைவக அளவைக் காட்டச் சொன்னேன். மொத்தம் 7,900 எம்பிச் சொச்சம் என்று வந்தது.

இன்னொரு தடவை அடித்தேன். அதே எண்.

அதே போர்டு, அதே ஸ்டிக்குகள், ஐந்து நிமிட இடைவெளி. ஒரு சிஸ்டம் கிட்டத்தட்ட எட்டையும் எடுத்துக்கொள்கிறது, இன்னொன்று மூன்றோடு நிற்கிறது. ரேம், ஸ்லாட், போர்டு, பயாஸ் என்று மூன்று நாளாக நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் எல்லோரும் ஒரே வரியில் விடுதலை. பிரச்சினை விண்டோஸுக்குள் இருக்கிறது, அதுவும் பூட் ஆகும் இடத்தில். இப்படி ஒரு சாட்சியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

விண்டோஸில் அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பூட் அமைப்புகளைக் காட்டும் பிசிடிஎடிட் கட்டளையை அடித்தேன். பூட் அமைப்புகளின் பட்டியலில் ட்ரங்கேட் மெமரி, அதாவது மெமரியை வெட்டு, என்று ஒரு வரி. எதிரே பதினாறடிமான எண், ஒன்றுக்குப் பின் எட்டு சுழியம். சரியாக 4 ஜிபி. அதே அமைப்புகளைக் கட்டங்களாகக் காட்டும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பூட் தாவலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போனால் மேக்சிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக். 4096.

அந்த டிக் என்னுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த மெஷினுக்கு விண்டோஸ் போட்டபோது வைத்தது. கம்ப்யூட்டர் வேகமாக ஓட எம்எஸ்கான்ஃபிக்கில் பிராசஸர் கோர் எண்ணிக்கையையும் மேக்சிமம் மெமரியையும் டிக் செய்யுங்கள் என்று அப்போது ஒரு யோசனை எல்லோர் வாயிலும் ஓடிக்கொண்டிருந்தது. மேக்சிமம் என்ற சொல்லைப் பார்த்து, முழு மெமரியையும் எடுத்துக்கொள் என்று கட்டளையிடுவதாக நினைத்தோம். உண்மையில் அது இதற்கு மேல் தொடாதே என்கிற எல்லை. மெமரி குறைவாக இருந்தால் ஒரு புரோகிராம் எப்படி ஓடும் என்று சோதிக்கிறவர்களுக்காக வைத்தது. டிக் இல்லாமல் விட்டாலே விண்டோஸ் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும்.

சரி, எல்லை 4 என்றால் நாலு ஜிபியாவது கிடைக்க வேண்டாமா, ஏன் மூன்று? அந்த எல்லை ரேமின் அளவுக்கு அல்ல, முகவரிக்கு. ஒரு தெருவில் நாற்பது கதவு எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கும் தபால் ஆபீசுக்கும் எட்டு எண்களைக் கொடுத்துவிட்டு, இடம் போன எட்டு வீட்டுக்கு அடுத்த தெருவில் எண் கொடுக்கிறார்கள். தபால்காரரிடம் நாற்பதைத் தாண்டிப் போகாதே என்று சொன்னால், அந்த எட்டு வீட்டுக்குக் கடிதம் போகாது. புதிதாகக் கட்டிய அடுத்த தெரு முழுவதற்கும்தான் போகாது.

இதில் என்னை உறுத்தியது புது ரேம் அல்ல. 4 ஜிபி மட்டும் இருந்தபோதே அந்த மெஷினில் 3.16 என்றுதான் காட்டியது. அக்கா அப்போதே ஒருமுறை கேட்டார். "மீதி டிஸ்ப்ளேக்குப் போகுதுக்கா" என்று பதில் சொன்னேன். தெரிந்தவன் மாதிரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். டிஸ்ப்ளே உண்மையில் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். 700 எம்பிக்குக் குறையாமல் இரண்டு வருடமாக நானே பூட்டி வைத்திருந்தேன்.

டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். 7.87 யூசபிள். முதலாளியிடம் போர்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை அவர் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. கடைக்காரரிடம் நேரில் போய்த்தான் சொன்னேன். "இதுக்கா தம்பி இந்த வெயில்ல வந்தீங்க?" என்று சிரித்தார். அவரிடம் தேவையில்லாமல் இரண்டு மவுஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது மற்ற மெஷின்களையும் திறந்து பார்த்தேன். பதினொன்றில் ஐந்தில் டிக் இருந்தது. ஐந்தும் நான் விண்டோஸ் போட்டவை. கடைசி மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அக்கா கை கழுவிவிட்டு வந்து பின்னால் நின்றார். அவரிடம் மட்டும் முழுக் கதையையும் சொன்னேன்.

"அப்போ டிஸ்ப்ளேக்குப் போகலையா?" என்றார்.

"இல்லக்கா."

தன் இடத்துக்குப் போய் ஆறுமுகன் ஃபைலைத் திறந்தார். டீக்கு எழுந்திருக்கவில்லை.