தோட்டத்து அப்பாவும் மெக்சிக்க அப்பாவும்

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்கத் தந்தையரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்களை வளர்த்த அப்பாதான் கண்முன் நிற்கிறார். தனி மனித விருப்பத்தைவிடக் குடும்ப நலனை மேலாக வைக்கும் 'ஃபமிலிஸ்மோ', பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதையான 'ரெஸ்பெத்தோ' ஆகிய இரண்டும் அவர்களுடைய பிள்ளை வளர்ப்பின் அடித்தளங்கள் என்கிறார்கள்.

ஆனால் வெளியுலகம் அவர்களிடம் பெரும்பாலும் 'மச்சிஸ்மோ' என்னும் ஆண் முரட்டுத்தனத்தையே கண்டது. மெக்சிக்க வம்சாவளி ஆண்களை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, அதிகாரமும் ஆக்ரோஷமும் ஒரு கூறு என்றும், கண்ணியமும் குடும்பப் பாசமும் நிறைந்த 'கபயெரிஸ்மோ' அதிலிருந்து வேறான கூறு என்றும் பிரித்துக் காட்டியது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

எங்கள் அப்பாவும் கண்டிப்பானவர்தான். அவர் எதிரில் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆயினும் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு) போய், பால் வெட்டிக் களைத்துத் திரும்பும் அவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நிலையிலும், எங்கள் தேர்ச்சி அறிக்கையை வாங்கி, சிவப்பு மையிட்ட இடங்களை ரப்பர்ப் பால் காய்ந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது என்ன பாடம்யா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வெறும் அதிகாரம் என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.