ஒரு பட்டனும் இருபது சதவீதமும்

தோற்றுப்போனால் பையன்கள் அப்புறம் வரமாட்டார்கள் என்பது எங்கள் முதலாளியின் கணக்கு. மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் அவருடைய சைபர் கஃபேயைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்குகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். நான் பார்த்தவரை தோற்றவன் மறுவாரமும் வருகிறான். ஏன் தோற்றோம் என்று பிடிபடாதவன்தான் நின்றுவிடுகிறான்.

இரண்டு அணிகள் மோதும் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டில் இது அடிக்கடி நடக்கும். எதிராளி தன் பக்கத்து க்ரீப்பையே (தானாக நடந்து வரும் சிப்பாய்), உயிர் பாதிக்குக் கீழே இறங்கியதும், தானே வெட்டிவிடலாம். அதற்கு டினை என்று பெயர். அதைக் கொன்றால் நமக்கு வரவேண்டிய தங்கம் போய்விடும். புதுப் பையன் மாங்குமாங்கென்று அடித்துக்கொண்டே இருப்பான். "அண்ணே, எனக்கு மட்டும் ஏன் காசே சேர மாட்டேங்குது?" அதே வகை விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் டினை கிடையாது. அதனால் அது சின்னப்பிள்ளை விளையாட்டாகிவிட்டது என்று விவரம் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள்.

2023-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை விளையாட்டு வந்தபோது எங்கள் கடையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. முன்பெல்லாம் ஹடோக்கன் என்ற சக்திப் பந்தை எறிய, கீழே, சாய்வாக, முன்னே என்று ஸ்டிக்கைச் சுழற்றிக் குத்த வேண்டும். இதில் மாடர்ன் என்றொரு முறை வைத்து, ஒரே பட்டனில் அதை விடலாம் என்றார்கள். செம்பனை ஆலையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "பட்டனைத் தட்டினா வேலை முடிஞ்சிருச்சின்னா, நாங்க எதுக்குடா வருசக்கணக்கா பழகினோம்?" கோபம் நியாயம்தான்.

சரி, ஆடிப் பாருங்கள் என்று படிவம் ஐந்து பையன் ஒருவனோடு உட்கார வைத்தேன். அண்ணன் குதித்து வந்தபோதெல்லாம் பையன் ஒரு பட்டனில் அடித்து விழத்தட்டினான். முதல் ரவுண்டு அவனுக்கு. அப்புறம் அண்ணன் குதிப்பதையே நிறுத்திவிட்டார். தரையோடு நெருங்கி, தடுக்க வைத்தே அவனுடைய டிரைவ் கேஜை, அதாவது திரையில் தெரியும் சக்திக் கோட்டை, கரைத்தார். அது காலியானால் பர்ன்அவுட், அதாவது களைத்துப்போன நிலை. அந்த நிலையில் சுவரோரம் மாட்டி, எதிராளியின் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடியைத் தடுத்தாலும் மயக்கம் வந்துவிடும். பையன் சுவரோரம்தான் நின்றான். ஆட்டம் முடிந்ததும் திரையைக் காட்டிக் கேட்டான்: "இந்தப் பச்சைக் கோடு தீர்ந்துபோனதாலதானே?" அதுதான் காரணம், அவன் கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

மாடர்னுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரே பட்டனில் விடும் சிறப்பு அடிகளுக்கு வலு இருபது சதவீதம் குறையும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அதே மாடர்னில் இருந்துகொண்டே ஸ்டிக்கைச் சுழற்றி அடித்தால் அந்தக் குறைப்பு இல்லை என்பதுதான். எளிதாக உள்ளே விட்டார்கள், மேலே ஏறும் வழியையும் அடைக்கவில்லை. போனில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸில் எனக்கு இருக்கும் குறை இங்கேதான். எந்த ஐட்டம் வாங்கலாம் என்று விளையாட்டே எடுத்துக்கொடுக்கும், தட்டினால் போதும். வசதிதான். ஆனால் வாங்கியது என்ன செய்யும் என்று படிக்காமலேயே காலம் தள்ளுகிற பையன்கள் எத்தனை பேர்!

கடையில் வைக்கும் போட்டியில் மாடர்னுக்கும், ஸ்டிக்கைச் சுழற்றும் பழைய முறையான கிளாசிக்குக்கும் தனித்தனிப் பிரிவு வைக்கலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். ஆலை அண்ணன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பெயர் கொடுப்பதில் மட்டும் அவர்தான் முதல் ஆள்.