எக்ஸ்5 பிரேக் பேடும் சென்சாரும்
பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 (2018இல் வந்த ஜி05 என்கிற தலைமுறை) வைத்திருப்பவர்கள் பேட் மாற்றும்போது நாலு சக்கரத்துக்கும் பேட் தேய்ந்ததைச் சொல்லும் சென்சார் வாங்கிவிடாதீர்கள், முன்னால் இடது பக்கம் ஒன்று, பின்னால் வலது பக்கம் ஒன்று, அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்பி வளையம். பேட் தேய்ந்து டிஸ்க் அதை உரசி அறுத்ததும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அறுந்ததை முறுக்கி ஒட்டிவிடலாம் என்கிற மெக்கானிக்கிடம் வண்டியையே விடக்கூடாது. விளக்கு எரியுமுன் மாற்றினால் பழைய சென்சாரையே போடலாம்தான், ஆனால் சூட்டில் வெந்து வெந்து அதன் பிளாஸ்டிக் அப்பளமாகியிருக்கும், கழற்றும்போதே உடையும். அப்புறம், பின்சக்கரத்தைத் தொடுமுன் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்கை சர்வீஸ் மோடில் (பேட் மாற்றுவதற்காகப் பிடியைத் தளர்த்தி வைக்கும் நிலை) போடுங்கள். புது பேடுக்கு இடம் விட, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயின்ட் போச்சு! முடித்ததும் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்தணும்.