மூன்றாவது பிஸ்கட்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். முதலாவது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது சுமார். மூன்றாவது எப்போது உள்ளே போனது என்றே தெரியவில்லை, கை அதற்குள் நாலாவதைத் துழாவிக்கொண்டிருந்தது. வயது 54, எடை 98 கிலோ. பசி என்று சொன்னால் டப்பாவே சிரிக்கும்.

ருசியே தெரியாமல் ஏன் தின்கிறேன் என்ற எரிச்சலில்தான் முன்பொரு நாள் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதை இன்ப ரசாயனம் என்கிறார்கள். எனக்கென்னவோ "போ, போய் எடு" என்று முதுகில் தள்ளுகிற ரசாயனமாகத்தான் படுகிறது. அது வேலை செய்ய நரம்பணுக்களில் ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள், வேண்டும். அதில் டி2 என்று ஒரு வகை.

2001-ல் ஜீன்-ஜாக் வாங், நோரா வோல்கோவ் என்ற மூளை ஆய்வாளர்களின் குழுவினர் மிகவும் பருமனான 10 பேரையும் அப்படியில்லாத 10 பேரையும், கதிரியக்கத்தை வைத்து மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்கம் ஏற்றிய ராக்லோபிரைட் என்ற மருந்தை ஊசியில் செலுத்தினால் அது காலியாக இருக்கும் டி2 ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பருமனானவர்களின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் அது குறைவாக ஒட்டியது, அதாவது அங்கே கிடைக்கும் டி2 குறைவு. அவர்களுக்குள்ளேயே பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, ஏற ஏற இன்னும் குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அதிகம் தின்கிறார்களோ என்பது அவர்கள் யூகம்.

வயது வேறு தன் பங்குக்கு அரிக்கிறது. இருபதுகளைத் தாண்டியதிலிருந்து பத்து வருடத்துக்குச் சுமார் 5 முதல் 10 சதவீதம் டி2 குறைகிறதாம். இது ஒல்லிக்குச்சியான என் தங்கைக்கும் உண்டு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சரி, ஏற்பி குறைந்ததால் தின்றேனா, தின்றதால் குறைந்ததா? 2010-ல் ஜான்சன், கென்னி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொழுப்பும் இனிப்பும் நிறைந்த தீனியை நாள் முழுக்க வைத்தார்கள். எலிகள் குண்டாயின, டி2 குறைந்தது. அப்புறம் ஷாக் வரப்போகிறது என்று விளக்கு எரிந்தபோதும் அவை தின்றுகொண்டே இருந்தன. அந்த வரியைப் படித்தபோது எனக்கு என் சர்க்கரை ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. ஆனால் மனிதர்கள் விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. பின்னால் வந்த சில ஆய்வுகளில் பருமனானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் டி2-வில் வித்தியாசமே தெரியவில்லை. அதனால் "என் மூளை அப்படி" என்று நான் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை.

எனக்குப் பிடித்தது 2008-ல் வந்த இன்னோர் எலி ஆய்வு. தீனியைக் குறைத்துப் போட்ட எலிகளுக்கு, வயதாக ஆக டி2 குறைகிற வேகம் மட்டுப்பட்டது. எலிதான், இருந்தாலும்.

அதைப் படித்ததிலிருந்து இரண்டோடு டப்பாவை மூடி மகளிடம் கொடுத்துவிடுகிறேன். நேற்று அவள் வீட்டில் இல்லை.