கொழிஞ்சாம்பாறைக் காற்றும் என் டைம் ட்ரையல் சைக்கிளும்

சிங்கப்பூரில் வீட்டைக் காலி செய்தபோது எதை எடுத்துப் போவது, எதை விற்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சைக்கிளை விற்றுவிடு என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. நான் கேட்கவில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் மனைவியின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது என் டைம் ட்ரையல் சைக்கிள். அதைக் கூட்டத்தோடு ஓட்டக்கூடிய ரோடு சைக்கிளாக மாற்றிய கதை இது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுகிறவர்களுக்கான வண்டி. முன்னால் இரண்டு கம்பிகள் நீண்டிருக்கும். முழங்கைகளைத் திண்டில் ஊன்றி, முதுகைத் தரைக்கு இணையாக மடக்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். கியர் மாற்றும் குச்சி அந்தக் கம்பிகளின் நுனியில்; பிரேக்கோ வெளிப்பக்கக் கைப்பிடியில். வேகமாகப் போகும்போது பிரேக்கில் கை இருக்காது என்று அர்த்தம். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம். கிரெக் லெமாண்ட் இப்படிக் கம்பி பூட்டிய வண்டியில் வந்து, மொத்தக் கணக்கில் லோரான் ஃபின்யோனை 8 விநாடியில் முந்தினார். அதற்குப் பிறகு இதைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. சாங்கி கோஸ்டல் ரோட்டில் விடிகாலையில் இதை ஓட்டுவது தனிச் சுகம். நேர் ரோடு, மேடு கிடையாது, குறுக்கே யாரும் வர மாட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க மாப்பிள்ளை, இதுல ரோட்டப் பாப்பீங்களா, டயரப் பாப்பீங்களா?”

நியாயமான கேள்வி. இங்கே ரோட்டில் ஆடு இருக்கும், காயப்போட்ட நெல் இருக்கும், பெயின்ட் அடிக்காத ஹம்ப் இருக்கும். இவையெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30–40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக் காற்று அதன் வழியே பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கம் பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டவர்கள் சும்மா நடவில்லை. கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், நானே பெரிய வீரன் என்று தோன்றும். திரும்பி வரும்போது உண்மை தெரியும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். வடக்கே வேலந்தாவளம் ரோடுதான் ஆபத்து. அங்கே இடப்பக்கமிருந்து பக்கக் காற்று. 80 மில்லிமீட்டர் உயர ரிம் பாய்மரம்போலக் காற்றை வாங்கும், கைகள் இரண்டும் நடுவில் ஒட்டியிருக்கின்றன. பனை வரிசை முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் முன்சக்கரம் ஒரு முழம் தள்ளிப் போகும்.

ஆனாலும் நான் ஹேண்டில்பாரை மாற்றியதற்குக் காற்று காரணமில்லை. தனியாக ஓட்டி அலுத்துவிட்டது. புது ஊரில் மனைவி வீட்டாரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. பாஷைப் பிரச்சினை என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் போர்டில் தமிழ் இருக்கும், பேசத்தான் ஆள் தேட வேண்டும். இங்கே பஸ் போர்டு மலையாளம், கண்டக்டர் பேசுவது தமிழ். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூர்ப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் வரும். சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். அதில் ஒரு தம்பி தயங்கிச் சொன்னான்: “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஹேண்டிலோட கூட்டத்துல வேண்டாம்.”

அவன் சொன்னது சரி. எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் ரோடு ரேஸ்களில் இந்தக் கம்பிகளுக்குச் சர்வதேசத் தடையே உண்டு. முன்னால் போகிறவன் சட்டென்று பிரேக் பிடித்தால், கையை எடுத்து வெளிக் கைப்பிடிக்குக் கொண்டுபோவதற்குள் இடித்துவிடுவோம். கம்பிகளைக் கழற்றிவிட்டால் கியர் மாற்ற வழியில்லை. ஆக, முன்பாகம் முழுவதும் மாற வேண்டும்.

கோயம்புத்தூரில் இரு பக்கமும் கீழ்நோக்கி வளையும் டிராப் ஹேண்டில்பாரும், பிரேக்கும் கியரும் சேர்ந்த ஷிமானோ லீவர்களும் வாங்கினேன். பாரைப் பிடிக்கும் இடத்தின் விட்டம் பழையதற்கும் புதியதற்கும் 31.8 மில்லிமீட்டர்தான், அதில் தொல்லையில்லை. தொல்லை ஒயரில். என் டைம் ட்ரையல் ஃபிரேமில் ஒயர்கள், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குப் பின்னால் மேல் குழாய்க்குள் இறங்குகின்றன. டிராப் பாரிலோ ஒயர்கள் ஹேண்டிலின் முன்னாலிருந்து புறப்பட்டு, சுற்றிக்கொண்டு பின்னால் வந்து அந்த ஓட்டைக்குள் நுழைய வேண்டும். வளைவு குறுகினால் கியர் இறுகும். அகலமாக விட்டால் முட்டியில் தட்டும். சித்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன், ஹீரோவும் அட்லஸுமாகப் பார்த்துப் பழகியவர், கார்பன் ஃபிரேமைத் தட்டிப் பார்த்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துவந்தார். சாதாரண இரும்பு பிரேக் ஒயரை ஓட்டைக்குள் விட்டு, குழாயின் வெளிப்புறம் காந்தத்தை மெல்ல நகர்த்தினார். உள்ளே ஒயர் கரகரவென்று கூடவே வந்தது. அடியில் அதன் நுனி எட்டிப் பார்த்ததும் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கோத்து முழு நீளத்துக்கும் தள்ளிவிட்டு, இரும்பை உருவி, கியர் ஒயரை விட்டார். “உள்ள காலியா இருந்தா எல்லாக் குழாயும் ஒண்ணுதானுங்க” என்றார்.

அடுத்தது சீட். ரோடு சைக்கிளில் சீட் குழாய் தரையோடு ஏறக்குறைய 73 டிகிரி கோணத்தில் இருக்கும், என் வண்டியில் இன்னும் நிமிர்ந்து 78. ஒவ்வொரு டிகிரிக்கும் சீட் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் முன்னால் வந்துவிடும். முழங்கை ஊன்றிப் படுப்பவனுக்கு அது வசதி. நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி விரல்கள் மரத்துப்போகும். சீட் கிளாம்ப்பைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, சீட்டையும் பின்னுக்கு இழுத்தோம். அப்போது ஹேண்டில் எட்டவில்லை. இந்த ஃபிரேம்களின் முன்பக்கம் தாழ்வு வேறு. குட்டையான, மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம்மை மாட்டிய பிறகுதான் உட்காரும்படி ஆனது. ஹேண்டிலும் ஸ்டெம்மும் ஒரே வார்ப்பாக வரும் விலையுயர்ந்த மாடல் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். விற்றுவிட்டு நேராக ரோடு சைக்கிள் வாங்கலாம். என் வண்டி பழைய மாடல் என்பதால் தப்பித்தது.

கியர் வேலை சுலபம். முன்னால் இருந்த 53/39 பல் கொண்ட சக்கரங்களைக் கழற்றி, பெடல் மாட்டும் அதே கிராங்க்கில் 50/34 பல். ஷிமானோவின் நாலு கை 11 ஸ்பீடு கிராங்க்கில் இரண்டும் ஒரே போல்ட்டில் உட்காரும். பின்னால் 11–25க்குப் பதில் 11–32, அதற்கேற்ற, செயினைப் பல் மாற்றும் நீளக் கை டீரேலியர். முன்பு மிகச் சிறிய கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.56 சுற்று சுற்றியது, இப்போது 1.06. சிங்கப்பூரின் உச்சி புக்கித் தீமா, உயரம் 163 மீட்டர். நெம்மாராவிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி மலை ஏறுகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

டயர் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. சீட் குழாய் பின்சக்கரத்தை ஒட்டி வெட்டப்பட்டிருப்பதால் அதற்கு மேல் இடமில்லை. வளைவில் இன்னமும் ரோடு சைக்கிளைப்போல லேசாகத் திரும்பாது, முன்சக்கரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். புதிதாக வாங்கக் காசிருக்கும் யாருக்கும் இந்த மாற்றத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மேற்கே திரும்பும்போது ஆள் மாற்றி ஆள் முன்னால் நின்று காற்றை வாங்க வேண்டும். என் முறை வரும்போது, “அண்ணா, கீழ குனிஞ்சு புடிங்க, உங்களுக்குத்தான் பழக்கமாச்சே” என்கிறான் அதே தம்பி. மழை விட்டதும் நெல்லியாம்பதி போவதாகப் பேச்சு. அதற்குக் கார்பன் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு அலுமினிய ரிம் போட்டிருக்கிறேன். ரிம் பிரேக்கை அழுத்திக்கொண்டே மலை இறங்கினால் கார்பன் அந்தச் சூட்டைத் தாங்காது. பிரேக் கட்டையும் அலுமினியத்துக்கு உரியதாக மாற்ற வேண்டும், சித்தூர் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.