பேப்பூர் சுல்தானும் நம்ம சி.வி.யும்

நம்ம மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. அசல் பெயரைச் சொல்லி லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) விசாரித்தால் வீடு கிடைக்காது. எழுத்தாளர்களையும் ஊர்க்காரர்கள் விடுவதில்லை. மார்க்வெஸ் கொலம்பியாவில் வெறும் கபோ. 1571இல் லெபான்டோ கடற்போரில் இடது கை செயலிழந்த செர்வாண்டிஸுக்கு ஸ்பானியர்கள் வைத்தது ‘லெபான்டோவின் ஒற்றைக்கையர்’. நம்ம லயத்துக் குசும்பையே மிஞ்சிவிட்டார்கள்! ஷேக்ஸ்பியரை அரபிகள் வேடிக்கையாக ‘ஷேக் சுபைர்’ ஆக்கினார்கள், நாம் செகப்பிரியர் ஆக்கினோம்.

எனக்குப் பிடித்தது மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர்தான். கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூரில் குடியிருந்தவர், ‘பேப்பூர் சுல்தான்’ ஆகிவிட்டார். மாங்குஸ்தான் மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலி, அதுதான் சிம்மாசனம்.

மடகொம்பரையில் பிறந்த நம்ம மலையக எழுத்தாளர் வேலுப்பிள்ளை மட்டும் நமக்கு மரியாதையாக சி.வி. சரி, அவருக்கும் குசும்பாக ஒரு பெயர் வேண்டாமா? ஹட்டன், பூண்டுலோயா ஆட்களே, சொல்லுங்கள்.